திறக்கிறவர் ஏன் தட்டுகிறார்?



வெளிப்படுத்தின விசேஷம் 3-ஆம் அதிகாரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பிலதெல்பியா சபைக்கு எழுதுகிறபோது ஆண்டவர் 7-ஆம் வசனத்தில் தம்மை எப்படி அறிமுகப்படுத்துகிறார்? தாவீதின் திறவுகோல் என் கையில். நான் திறந்ததை அடைக்க ஆள் இல்லை, நான் அடைத்ததைத் திறக்கவும் ஆள் இல்லை என்கிறார். சர்வ அதிகாரம். அப்படியே கொஞ்சம் கீழே 20-ஆம் வசனத்துக்கு வாங்க. இது லவோதிக்கேயா சபை. அதே ஆண்டவர் இங்கே கதவுக்கு வெளியே நிற்கிறார். தட்டுகிறார். உள்ளே இருக்கிறவன் சத்தம் கேட்டுத் திறந்தால் வருவேன், அவனோடு உட்கார்ந்து சாப்பிடுவேன் என்கிறார்.

இது என்னங்க? சாவியைக் கையில் வைத்திருக்கிறவர் எதற்காகத் தட்டவேண்டும்? பூட்டை உடைத்து உள்ளே வந்தால் அவரை யார் கேட்கப்போகிறார்கள்? இரண்டு வசனத்துக்கும் நடுவில் 12 வசனம்தான் இருக்கிறது. எழுதச் சொன்னவர் ஒருவரே. ஒரு வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் பல நூற்றாண்டுகளாக மற்ற வசனக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்த நாட்களில் ராத்திரி விளக்கு அணைத்த பிறகும் விடுதியில் கால்வின், ஆர்மீனியஸ் என்று வாக்குவாதம் ஓயாது. இரண்டு பக்கமும் வசனம் வைத்திருப்பார்கள். காலையில் எழுந்து இரண்டு பக்கமும் ஒரே சாம்பாரில் இட்லியைத் தொட்டுச் சாப்பிடுவார்கள். அது கல்லூரி. ஊழியத்துக்கு வந்த பிறகு இதே கேள்வி வேறு உருவத்தில், ஒரு தாயின் கண்ணீரோடு, நம் முன்னால் வந்து நிற்கிறது.

காணை சுற்றுவட்டாரத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஊர்க்காரர் என்ன சொல்வார்கள்? "எல்லாம் தலையெழுத்து. எழுதினவன் அழிச்சா எழுதுவான்?" அதே தெருவில் விசுவாசி வீட்டில் சாவு விழுந்தால் நாம் என்ன சொல்றோம்? "கர்த்தருடைய சித்தம்." வார்த்தைதான் வேறே. பல நேரங்களில் அர்த்தம் ஒன்றாகவே இருக்கிறது. இரண்டுமே இனிமேல் கேள்வி கேட்காதே, வாயை மூடு என்றுதான் அந்தக் குடும்பத்துக்குச் சொல்கிறது. ரோமர் 8-ஆம் அதிகாரத்தில் நாம் வாசிக்கிற முன்குறித்தல் என்கிற வார்த்தையையும் நம்ம ஜனங்கள் மண்டை ஓட்டில் எழுதின எழுத்து மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். பிரியமானவர்களே, தலையெழுத்துக்குக் கண்ணீர் கிடையாது. எழுதியதைப் பார்த்து அது அழாது. ஆனால் லூக்கா 19-இல் நம் ஆண்டவர் எருசலேமைப் பார்த்து அழுதார். மத்தேயு 23-இன் கடைசியில், கோழி தன் குஞ்சுகளைச் சேர்ப்பதுபோல உங்களைச் சேர்க்க எனக்கு எத்தனையோ தரம் ஆசை, நீங்கள்தான் சம்மதிக்கவில்லை என்று புலம்புகிறார். நகரத்தின் முடிவு அவருக்குத் தெரியும். தெரிந்தும் அழுகிறார்.

இந்தக் காரியத்தை விளங்கிக்கொள்ள நாம் தூரதேசம் போகவேண்டியதில்லை. விழுப்புரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிற திண்டிவனம் போதும்.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை அறியாதவர் நம் பக்கத்தில் யாரும் இல்லை. அந்த ஆஸ்பத்திரி ஐடா ஸ்கட்டர் அம்மையாருடைய உள்ளத்தில் உருவானது வேலூரில் அல்ல, நம்ம திண்டிவனத்தில். அவருடைய தாத்தா டாக்டர் ஜான் ஸ்கட்டர் 1819-இல் அமெரிக்காவிலிருந்து கப்பல் ஏறி முதலில் இலங்கைக்கும் பிற்பாடு சென்னைக்கும் வந்த மிஷனெரி. அந்தக் குடும்பத்தின் பிள்ளைகள் 1853-இல் ஆற்காடு மிஷனை ஸ்தாபித்தார்கள். ஐடா 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். சிறுபிள்ளையாக இருக்கும்போது தாது வருஷப் பஞ்சத்தைப் பார்த்தவர். பசியில் கையைத் தூக்கக்கூட பெலன் இல்லாத பிள்ளைகளின் வாயில் ரொட்டியைப் பிட்டு ஊட்டினவர். அதைப் பார்த்ததினாலேயே இந்த தேசமே வேண்டாம், மிஷனெரி வாழ்க்கையே வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தார். அமெரிக்காவில் பக்தன் மூடி நடத்தின பள்ளியில் படித்தார். 1890-களின் தொடக்கத்தில் தாயார் சுகவீனமாக இருக்கிறார் என்று திண்டிவனத்து மிஷன் பங்களாவுக்கு வந்தார். தங்கிவிட வரவில்லை. திரும்பிப்போக வந்தார்.

அப்படியிருக்கையில் ஒரு ராத்திரி கதவு தட்டப்பட்டது. ஒரு பிராமண வாலிபர் நிற்கிறார். மனைவி பிரசவ வேதனையில், சாகக் கிடக்கிறாள், நீங்கள் வரவேண்டும் என்கிறார். அந்தப் பெண்ணுக்கு 14 வயது மட்டில். ஐடாவோ டாக்டர் அல்ல. "என் அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள்" என்கிறார். வாலிபர் மறுக்கிறார்: வேறு ஆண் என் மனைவியின் முகத்தைப் பார்க்கக்கூடாது, அது எங்கள் வழக்கம் இல்லை. போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது தட்டல். ஒரு முஸ்லிம் சகோதரர், அதே வேண்டுதல், அதே பதில். மூன்றாவது தட்டல், ஒரு முதலியார். அவரும் ஆண் டாக்டர் வேண்டாம் என்று போனார். அந்த ராத்திரி ஐடா தூங்கவில்லை. விடிந்ததும் தெருவில் சாவு மேளம். விசாரித்தால், மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

அன்றைக்கு ஐடா தகப்பனாரிடமும் தாயாரிடமும் போய், நான் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துவிட்டுத் திரும்பி வருகிறேன் என்று சொன்னார். 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூருக்கு வந்தார். 1902-இல் ஷெல் ஆஸ்பத்திரி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. 1960-இல் கொடைக்கானலில் கர்த்தருக்குள் நித்திரையடைகிற வரைக்கும் அந்தத் தீர்மானத்திலிருந்து அவர் விலகவில்லை.

இந்தச் சாட்சியை நம் மேடைகளில் நிறைய பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் முடிக்கும்போது சிலர் சேர்த்துச் சொல்கிற ஒரு வார்த்தையில்தான் எனக்கு மனம் ஒப்புவதில்லை. "ஐடாவை அழைக்க கர்த்தர் மூன்று பேரை எடுத்துக்கொண்டார், அது தேவ சித்தம்" என்கிறார்கள். ஜனங்களும் அல்லேலூயா சொல்கிறார்கள். ஒருமுறை இப்படி ஒரு பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு, முதல் பிரசவத்தில் மகளைப் பறிகொடுத்த ஒரு தாயார் என்னிடம் வந்து கேட்டார்கள்: "ஐயா, அப்போ என் பொண்ணை எடுத்தது யாருக்குப் பாடம் நடத்த?"

இதற்குப் பதில் சொல்லாமல் தேவனுடைய சர்வ ஆளுகையைக் குறித்து எவ்வளவு பிரசங்கித்தாலும் பிரயோஜனம் இல்லை.

வேதம் என்ன சொல்கிறது? யோசேப்பின் சகோதரர்கள் அவனைக் குழியில் போட்டு விற்றார்கள். ஆதியாகமம் 50:20-இல் யோசேப்பு என்ன சொல்கிறான்? நீங்கள் நினைத்தது தீமை, தேவன் அதையே நன்மையாக நினைத்தார் என்கிறான். உங்கள் தீமையும் தேவனுடைய நினைவுதான் என்று சொல்லி அவர்களுடைய குற்றத்தைத் தேவன் தலையில் ஏற்றவில்லை. அப்போஸ்தலர் 2:23-இல் பேதுருவும் அப்படியே பேசுகிறான். இயேசு ஒப்புக்கொடுக்கப்பட்டது தேவன் நிர்ணயித்த ஆலோசனை. ஆனாலும் கொலைசெய்தது உங்கள் அக்கிரமக் கைகள். ஒரே மூச்சில் இரண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்கவில்லை.

திண்டிவனத்தில் அந்த மூன்று பெண்களுக்கும் கிடைத்திருக்கக்கூடிய உதவியை அடைத்தது எது? வழக்கம். டாக்டர் அடுத்த அறையில் இருக்கிறார், வரவும் ஆயத்தம். கதவைத் தேவன் அடைக்கவில்லை, மனுஷர் அடைத்தார்கள். (இதைக் கேட்டுவிட்டு பிராமணர் இப்படி, முஸ்லிம்கள் இப்படி என்று யாரும் பேசவேண்டாம். அந்த மூன்று புருஷரும் மனைவிக்காக நடு ராத்திரியில் ஓடிவந்தவர்கள். அதே கதவு நம் வீடுகளிலும் இருக்கிறது, சொல்கிறேன்.) மனுஷர் அடைத்துப்போட்ட அந்தத் தெருவில் தேவன் தோற்றுப்போய் நிற்கவில்லை. அங்கே தூங்காமல் விழித்திருந்த ஒரு பெண்ணின் இருதயத்தைத் தட்டினார். அதுதான் ஆளுகை. சாவை அவர் கணக்கில் எழுதினால்தான் அவர் பெரியவர் ஆவார் என்று இல்லை.

சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றி லூக்கா 13-இல் ஆண்டவர் பேசுகிறார். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்ல என்கிறார். உயிரோடிருக்கிற நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து, மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டி, தென்பெண்ணை கரைபுரண்டபோது, எந்த ஊர் எந்தப் பாவத்துக்காக அடிபட்டது என்று கணக்குப்போட்டுச் சொன்னவர்கள் லூக்கா 13-ஐ ஒருதரம் வாசித்திருக்கலாம்.

சரி, அந்த ராத்திரிக்குப் பிறகு ஐடா முடியாது என்று சொல்லியிருக்க முடியுமா? முடியும் என்றே நான் விசுவாசிக்கிறேன். எஸ்தர் 4:14-ஐப் பாருங்கள். மொர்தெகாய் என்ன சொல்லி அனுப்புகிறான்? நீ இப்போது பேசாமல் இருந்துவிட்டால் யூதருக்கு இரட்சிப்பு வேறு திசையிலிருந்து வரும், நீயோ அழிந்துபோவாய். தேவனுடைய திட்டம் எஸ்தருடைய சம்மதத்தில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. ஆனாலும் எஸ்தருடைய சம்மதம் வெறும் நாடகமும் அல்ல. உள்ளே போவதா இல்லையா என்பதை அவள்தான் தீர்மானிக்கவேண்டும், செத்தாலும் சாகிறேன் என்று. ஐடா மறுத்திருந்தால் தேவன் வேறொருவரை எழுப்பியிருப்பார். அந்தக் கிரீடம் ஐடாவுக்கு இருந்திருக்காது.

ஒரு ஆச்சரியம் கவனித்தீர்களா? ஆற்காடு மிஷன் அமெரிக்க ரிஃபார்ம்ட் சபையைச் சேர்ந்தது. அந்தச் சபை 1618-19-இல் ஹாலந்து தேசத்தில் டார்ட் என்ற பட்டணத்தில் கூடின சங்கத்தின் உபதேசத்தைக் கைக்கொள்கிறது. தேவன்தான் தெரிந்துகொள்கிறார், மனுஷன் தன் பெலத்தால் அவரிடம் வரமாட்டான் என்பதை அழுத்திச் சொல்கிற உபதேசம். நம்ம பெந்தெகொஸ்தே சபைகளிலோ கூட்டத்தின் கடைசியில் "யார் தீர்மானம் எடுக்கிறீங்க, கையைத் தூக்குங்க" என்கிறோம். ஆனால் தேவனே தெரிந்துகொள்கிறார் என்று போதித்தவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. கப்பல் ஏறி வந்து, இந்த மண்ணில் பிள்ளைகளைப் புதைத்தும் ஊழியம் செய்தார்கள். மனுஷன் தீர்மானிக்கவேண்டும் என்று போதிக்கிற நாம் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் "ஆண்டவரே, என் புருஷனுடைய கல்லான இருதயத்தை நீரே மாற்றும்" என்று கதறுகிறோம். முழங்காலில் நிற்கும்போது எல்லாருக்கும் ஒரே உபதேசம்தான்.

"அப்படியானால் ரோமர் 9? குயவன் இஷ்டப்படி மண்ணைப் பிசைகிறானே, பார்வோனைக் கடினப்படுத்தினாரே?" என்று கேட்பீர்கள். கேட்கவேண்டியதுதான். பவுல் நினைத்துப் பேசுகிற அந்தக் குயவனுடைய வீட்டுக்கு எரேமியா 18-இல் போய்ப் பாருங்கள். நான் தீங்கு சொன்ன ஜாதி திரும்பினால் நானும் திரும்புவேன் என்று அங்கே கர்த்தர் சொல்கிறார். குயவன் கையில் மண் இருக்கிறது. அந்தக் குயவனோ மண் திரும்புகிறதா என்று பார்க்கிறவர். பார்வோனைப் பற்றி யாத்திராகமம் 8-ஆம் அதிகாரத்தில் இரண்டு தரம் அவனே தன் இருதயத்தைக் கடினமாக்கினான் என்று இருக்கிறது. 9:12-இல் கர்த்தர் கடினப்படுத்தினார் என்று வருகிறது. 4:21-இலேயே கர்த்தர் இதை முன்னறிவித்துவிட்டார் என்பதையும் நான் மறைக்கவில்லை. முழுவதையும் என் டிப்ளமோவால் அவிழ்க்க முடியாது. மறைவானவை கர்த்தருடையவை என்று உபாகமம் 29:29 சொல்கிறதே. ஆனால் பார்வோன் கெஞ்சிக்கெஞ்சி நல்லவனாக வந்து, தேவன் கதவைச் சாத்தினார் என்று ஒரு வசனமும் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி 1 சாமுவேல் 23. தாவீது தன் ஆட்களோடு கேகிலா பட்டணத்தில் இருக்கிறான். சவுல் வருவானா என்று கர்த்தரிடத்தில் கேட்கிறான். வருவான். ஊர்க்காரர் என்னைப் பிடித்துக்கொடுப்பார்களா? கொடுப்பார்கள். கர்த்தர் சொல்லிவிட்டார், இனி என்ன செய்யமுடியும் என்று தாவீது அங்கேயே உட்கார்ந்திருந்தானா? ஏறக்குறைய 600 பேரையும் கிளப்பிக்கொண்டு ராவோடு ராவாக வெளியேறினான் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். சவுல் வரவில்லை. ஊர்க்காரர் பிடித்துக்கொடுக்கவும் இல்லை. அப்போ கர்த்தர் சொன்னது பொய்யா? இல்லை. நீ இங்கே இருந்தால் இதுதான் நடக்கும் என்றார். நடக்காமல்போன காரியமும் அவருக்குத் தெரியும். தெரிந்ததைத் தாவீதைக் கட்டிப்போட அவர் சொல்லவில்லை, தப்பிக்கவைக்கச் சொன்னார்.

அதேபோல அப்போஸ்தலர் 27. கப்பலில் 276 பேர். சூரியனையும் நட்சத்திரத்தையும் பார்த்து அநேக நாள் ஆயிற்று. பவுலிடம் தேவதூதன் வந்து, உன்னோடு பிரயாணம் பண்ணுகிற எல்லாரையும் தேவன் உனக்குத் தந்தார் என்று சொல்லிவிட்டான். ஒரு உயிரும் போகாது. வாக்குத்தத்தம் உறுதி. 14-ஆம் ராத்திரி மாலுமிகள் நங்கூரம் போடுகிற பாவனையில் படகை இறக்கி ஓடப்பார்த்தார்கள். பவுல், "கர்த்தர் சொல்லிட்டார், அவங்க போனா போகட்டும்" என்றாரா? இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் தப்பமாட்டீர்கள் என்று நூற்றுக்கு அதிபதியிடம் சொன்னார். சேவகர் கயிற்றை அறுத்தார்கள். விடியும் நேரத்தில் எல்லாரையும் சாப்பிடச் சொன்னார். கப்பல் உடைந்தபோது நீந்தத் தெரிந்தவன் நீந்தினான், தெரியாதவன் பலகையைப் பிடித்தான். 276 பேரும் கரைசேர்ந்தார்கள். வாக்குத்தத்தம் நிறைவேறின விதம் இதுதான்: மாலுமி, கயிறு, அப்பம், பலகை.

இப்போது நம்முடைய கதவுக்கு வருகிறேன். சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டால் கர்த்தர் என்னிடம் கணக்குக் கேட்பார்.

நான் தெய்வீக சுகத்தை விசுவாசிக்கிறவன். வியாதியஸ்தர் மேல் கைவைத்து ஜெபிக்கிறவன். ஆனால் கர்ப்பவதியான சகோதரிக்கு வலி எடுத்து, தண்ணீர்க்குடம் உடைந்து, மணிக்கணக்கில் போராடும்போது "விசுவாசத்தோட இருங்க, கர்த்தர் பார்த்துப்பார்" என்று வீட்டுக்குள் வைத்து ஜெபம்பண்ணுவது விசுவாசம் அல்ல. அது திண்டிவனத்தில் அன்றைக்குச் சொன்ன "எங்கள் வழக்கம் இல்லை" என்பதின் விசுவாசிப் பதிப்பு. எசேக்கியா ராஜாவுக்கு 15 வருஷம் ஆயுசு கூட்டித்தருகிறேன் என்று கர்த்தரே சொன்னார். அப்புறம் ஏசாயா என்ன செய்யச் சொன்னார்? 2 இராஜாக்கள் 20:7-ஐ வாசியுங்கள். அத்திப்பழத்தை அரைத்துப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். 15 வருஷம் தருகிறவருக்கு அத்திப்பழம் எதற்கு என்று எசேக்கியா கேட்கவில்லை. நமக்கு முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2008 முதல் 108 வண்டி ஓடுகிறது. வண்டிக்குள் ஏறியும் ஜெபிக்கலாம். ஆவியானவருக்கு வண்டிக்குள் இடம் போதும்.

இன்னொன்று. 18 வயது நிறைவதற்குள் பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு "கர்த்தர் நல்ல வாசலைத் திறந்தார் ஐயா" என்று மிட்டாய்ப் பெட்டியோடு வருகிற பெற்றோரே, அந்த வாசலை அவர் திறந்ததாக எழுதாதீர்கள். அன்றைக்குத் திண்டிவனத்தில் செத்த பெண்களில் ஒருத்திக்கு 14 வயது மட்டில் என்று சொன்னேன். எந்தப் போதகர் அப்படிப்பட்ட கலியாணத்தை நடத்திவைத்தாலும் அவர் கையிலும் பங்கு இருக்கிறது.

வாலிபப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. "தேவன் எனக்கு நேரம் குறிச்சிருந்தா அவரே இரட்சிப்பார் பாஸ்டர், என்னை விடுங்க" என்று ஒரு தம்பி சைக்கிளில் சாய்ந்தபடி சொன்னான். அதே தம்பி பரீட்சைக்கு மட்டும் ராத்திரி ஒரு மணிவரை படிக்கிறான். பாஸ் ஆகணும்னு தேவன் குறிச்சிருந்தா புத்தகம் எதுக்குடா என்றேன். சிரித்தான். சிரிப்பு நின்ற பிறகு கொஞ்சநேரம் பேசாமல் இருந்தான். பிலிப்பியர் 2:12-லும் 13-லும் பவுல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்: நீங்கள் பயத்தோடும் நடுக்கத்தோடும் உங்கள் இரட்சிப்புக்காகப் பிரயாசப்படுங்கள், ஏனென்றால் உங்களுக்குள் விருப்பத்தையும் செயலையும் உண்டாக்குகிறவர் தேவன். "ஆனாலும்" இல்லை, "ஏனென்றால்." அவர் உள்ளே வேலைசெய்வதுதான் நாம் எழுந்திருப்பதற்குக் காரணம். உன் மனதுக்குள் இந்த வரி குத்துகிறதே, அந்தக் குத்துதல் உன்னுடையது அல்ல தம்பி. அவர் தட்டுகிறார். திறக்கிறதோ உன் கை.

மகளைப் பறிகொடுத்த அந்தத் தாயாருக்கு நான் சொன்னது இதுதான்: "அம்மா, கர்த்தர் உங்க மகளை வைச்சு யாருக்கும் பாடம் நடத்தல. லாசருவின் கல்லறைகிட்ட, இன்னும் கொஞ்ச நேரத்துல எழுப்பப்போறோம்னு தெரிஞ்சும் அவர் அழுதார். உங்க வீட்டு வாசல்லயும் அப்படித்தான் நிக்கிறார்." அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உட்கார்ந்து கூட அழுதேன். இப்போது அந்தத் தாயார் தங்கள் தெருவில் எந்தப் பெண் கர்ப்பமாயிருந்தாலும் மாதாமாதம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறார்கள். விசுவாசியா, புறஜாதியா என்று பார்ப்பதில்லை.

ஜெபிப்போம். எங்கள் பரம தகப்பனே, தாவீதின் திறவுகோலை வைத்திருக்கிறவரே, நாங்கள் அடைத்துவிட்டு உம்முடைய பேரை எழுதி வைத்த கதவுகளை எங்களுக்குக் காண்பியும். இந்த மாதத்தில் பிரசவத்துக்குக் காத்திருக்கிற எங்கள் சகோதரிகளைத் தாயும் பிள்ளையுமாகக் காத்தருளும். அவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டிய நேரத்தில் ஓடுகிற கால்களை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே, ஆமென்.